தடித்த ஆக்ஸிலுக்குள் ஒல்லி ஷாஃப்ட்

போன வருடம் பொங்கலுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நடந்தது இது. மாமனார் ஓட்டிய பழைய காரை என் கணவர் ஒரு வருடமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். வெளியே அதே பழைய கார். உள்ளே மட்டும் மூன்று மடங்கு சக்தியுள்ள வேறு இன்ஜின். பொங்கல் லீவில் என்னையும் இரண்டு வயது மகளையும் அதில் கடலூர் கடற்கரைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது அவர் ஆசை.

பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் அச்சான காரின் பழைய ஆக்ஸில் இந்த இன்ஜினைத் தாங்காது. அதற்காகப் பண்ருட்டி பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வேனின் ஆக்ஸிலை வாங்கி வந்து இறக்கினார்கள். கணவரோடு சுரங்கத்தில் வேலை செய்யும் இரண்டு நண்பர்களும், மந்தாரக்குப்பம் மெக்கானிக் அண்ணனும் சுற்றி நின்று ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார்கள். மலை மாதிரி இயந்திரங்களோடு பழகியவர்களுக்குத் தடிமன்தான் பலம்.

"யானைக்கால் மாதிரி கீதுங்க. இது பர்மனென்ட் ஆளு, இன்ஜின்தான் கான்ட்ராக்ட்" என்றார் மெக்கானிக். சுரங்கத்தில் நிரந்தர ஆட்களையும் ஒப்பந்த ஆட்களையும் பிரித்துச் சொல்லும் பேச்சு அது. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். வெளியே தெரியும் அந்தத் தடித்த குழாய் வண்டியின் எடையைத்தான் தாங்கும். இன்ஜினின் முறுக்குவிசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அதற்குள் இருக்கும் ஷாஃப்ட் என்ற ஒல்லியான தண்டு. அதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் நான் ஸ்பேனரைத் தொட்டே மூன்று வருடம் ஆகியிருந்தது. மகளுக்குக் காய்ச்சல் பார்க்கவே இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருப்பவள் என்பதால் என் பயத்தை நானே நம்புவதில்லை. சொல்லித் தப்பாகிவிட்டால் நண்பர்கள் முன்னால் அவருக்கு அவமானம் என்று இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பினேன். மூன்றாம் முறை டீயைக் கொடுக்கும் சாக்கில், ஷாஃப்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க பாப்பாவ பாத்துக்கினு இருங்கம்மா. ஆக்ஸில நாங்க பாத்துக்கறோம்" என்றார் மெக்கானிக்.

"இவளுக்கு எதுலதான் பயம் இல்ல" என்றார் கணவர். பிறகு என் முகத்தில் என்ன பார்த்தாரோ, "சரிண்ணே, உருவித்தான் பாத்துருவோமே" என்றார்.

இரண்டு பக்கத்து ஷாஃப்டுகளையும் உருவித் துடைத்தார்கள். ஷாஃப்டின் நுனியில் சுற்றிலும் வெட்டியிருக்கும் பற்கள் நேர்கோடாக ஓட வேண்டும். ஒன்றில் அவை சாய்ந்திருப்பதுபோலத் தோன்றியது. கண் ஏமாற்றுகிறதோ என்று உள்ளே ஓடி ஸ்கேலை எடுத்துவந்து வைத்தேன். சந்தேகமே இல்லை, பற்கள் ஒரு பக்கமாக முறுகியிருந்தன. அடியில் மயிரிழை போல ஒரு விரிசலும் ஓடியது.

மெக்கானிக் அண்ணன் விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார். "வேன் இன்ஜினுக்கே முறுக்கிக்கினு கீது. நம்ம இன்ஜின ஏத்தியிருந்தா நடுரோட்டுல உட்டுட்டுப் போயிருக்கும்" என்றார். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்கு நானும் போனேன். இன்ஜினின் முறுக்குவிசையையும் முதல் கியரின் விகிதத்தையும் ஆக்ஸிலின் விகிதத்தையும் பெருக்கி, எவ்வளவு தாங்க வேண்டும் என்று ஒரு தாளில் மூன்று தடவை போட்டுப் பார்த்து எடுத்துப் போயிருந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு ஆக்ஸிலிலும் ஷாஃப்டை உருவச் சொன்னேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார். நான்காவதாகப் பார்த்த ஜீப் ஆக்ஸிலில் ஷாஃப்ட் என் கணக்குக்குப் போதுமான தடிமன், பற்கள் ஸ்கேல் வைத்ததுபோல நேர். அகலமும் எங்கள் காருக்குப் பொருந்தியது. அதையே வாங்கி வந்து மாட்டினார்கள்.

பொங்கலுக்கு மறுநாள் கடலூர் சாலையில் கணவர் வேகம் எடுத்தபோது என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. மகள் கைதட்டினாள். கடற்கரையில் இறங்கியதும் கணவருக்கு மெக்கானிக் அண்ணனின் போன். "வண்டிய உடுங்க சார், ஆக்ஸில் மேடம் இன்னா சொல்றாங்க?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் எனக்கு அதுதான் பெயர்.

இப்போதும் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்தான் நான். ஆனால் பயம் வந்தால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவதில்லை, கழற்றிக் காட்டுங்கள் என்று கேட்டுவிடுகிறேன்.