இரவல் சிறுநீர்

அறுபதுகளில், தாராவியில் நான் முதல் பிள்ளையைச் சுமந்தபோது எனக்குச் சர்க்கரை கண்டது. சோற்றைக் குறைக்கச் சொன்னார் டாக்டரம்மா. நான் குறைக்கவில்லை. திட்டுக்குப் பயந்து, அடுத்த பரிசோதனைக்குப் பக்கத்து வீட்டு மைமூன் அக்காவிடம் சிறுநீரை இரவல் வாங்கிப் போனேன்.

சர்க்கரை இல்லாவிட்டால், சிறுநீரோடு சேர்த்துச் சூடாக்கிய மருந்து நீலமாகவே நிற்கும். அன்று அது செங்கல் நிறமானது. "இன்னும் சோறுதானா?" என்று டாக்டரம்மா இந்தியில் கத்தினார். உண்மையைச் சொல்லிவிட்டு, அழுதபடி அக்காவிடம் ஓடினேன்.

"எக்கா, ஒங்களுக்கும் சக்கர இருக்கு!"

அக்கா முந்தானையால் என் கண்ணைத் துடைத்தார். பிறகு, "அதுக்கு நீ ஏம்ட்டி அழுத? இனிமே ரெண்டு பேருக்கும் நானே சப்பாத்தி சுடுதேன்" என்றார்.

அடுத்த மாதம் ஆளுக்கொரு புட்டியோடு போனோம். என்னுடையது நீலமாகவே நின்றது. பொய் சொல்லி வாங்கப் பார்த்த அந்த நீலத்தை, வாயைக் கட்டித்தான் வாங்க முடிந்தது.