அலுமினியத் தாளில் ஓர் ஓட்டை

லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தின் நிலக்கீழ் அறையில் நான் மூன்று வருடம் செய்த வேலையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடிவரும் இலத்திரன் (எலெக்ட்ரோன்) கற்றையின் மீது லேசரை மோதவைப்போம். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் சந்தித்தால் ஓர் எக்ஸ்ரே துடிப்பு பிறக்கும். ஒரு செக்கனைக் கோடித் துண்டாக்கி, அதில் ஒன்றைத் திரும்பவும் கோடித் துண்டாக்கினால் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் அதற்கு ஆயுள். மூன்று வருடமாக அவை சந்திக்கவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, எக்ஸ்ரேயைப் பிடிக்க வைத்திருந்த கமராவில் வெள்ளைப் புள்ளி விழுந்தது. எங்கள் பேராசிரியர், எளிதில் சிரிக்காத ஆங்கிலேயர், என் தோளில் தட்டினார். மாதக் கடைசியில் முடியவிருந்த என் ஒப்பந்தத்தை, இந்தப் படத்தைக் காட்டியே இன்னொரு வருடம் நீட்டித் தருவதாகச் சொன்னார். என் கணவர் ஞாயிறு பூசைக்கு வந்தவர்களில் ஒருவரையும் விடாமல் செய்தியைச் சொல்லித் தீர்த்தார்.

திங்கட்கிழமை இலத்திரன் கற்றையை நிறுத்திவிட்டு லேசரை மட்டும் விட்டுப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை. மற்றவர்களுக்குச் சந்தோஷத்தில் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, தள்ளிப்போட்டேன். இலத்திரன் இல்லை, ஆனால் புள்ளி அப்படியே இருந்தது. எக்ஸ்ரேயை மட்டும் விட்டு லேசர் வெளிச்சம் புகாமல் கமராவின் முகத்தை மூடியிருந்த அலுமினியத் தாளில் ஊசிமுனை அளவு ஓட்டை. அந்தத் தாளை ஒட்டியது நான்தான்.

படியேறி வெளியே வந்து, நோர்பரியில் வீட்டில் இருந்த கணவருக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"பேராசிரியருக்குத் தெரியுமே?"

"இல்லை. இனித்தான் சொல்லப்போறன்."

"கொன்ட்ராக்ட் கையெழுத்தான பிறகு சொல்ல ஏலாதே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரே?" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். அவர் சொன்னதில் புதிதாக ஒன்றுமில்லை. படியேறி வந்த நேரம் முழுவதும் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர், ஒப்பந்தம் முடிய எத்தனை நாள் மிச்சம் என்று கேட்டார். ஒன்பது என்றேன். புதுத் தாள் போடு, ஒன்பது நாளும் கற்றை உனக்குத்தான் என்றார். வெட்கத்தில் நன்றிகூடச் சொல்லாமல் கீழே இறங்கினேன்.

இரண்டு தாள் ஒட்டினேன். ஒவ்வொன்றையும் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்த பிறகே ஒட்டினேன். பொட்டு வெளிச்சமும் புகவில்லை. அந்த மூன்று வருடத்தில் நான் அவ்வளவு சுத்தமாகச் செய்த வேலை வேறில்லை. ஒன்பது நாளும் திரை கறுப்பாகவே இருந்தது. பத்தாம் நாள் காலையில் எனக்குப் போவதற்கு இடம் இருக்கவில்லை.