முதல் கண்ணி

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வரவேற்பு மேஜை அம்மாளின் ஊசிகள்தான் பாதி மருந்து. டோக்கன் கொடுத்த கை உடனே கம்பளிப் பின்னலுக்குத் திரும்பிவிடும். பின்னிக்கொண்டே, வருகிறவர்களின் ஸ்வெட்டரை மேலும் கீழும் பார்ப்பார். பின்னலில் ஒரு கண்ணி நழுவியிருந்தால் போதும், பல்வலிக்காரரைக் கழற்றச் சொல்லி, சரிசெய்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார். வீட்டில் அவருக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். வைத்தவர் கணவர். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் கூப்பிடுவார், பாவம்.

பள்ளிக்கூட நாளில் இரண்டு பென்சிலை வைத்துக்கொண்டு தொடங்கிய பைத்தியம் அது. பிரசவ வலி எடுத்தபோதுகூட, இந்த வரிசையை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றவர். பின்னலும் ஆளைப் போலவே இறுக்கம். தண்ணீர் ஊற்றினால்கூட யோசித்துத்தான் இறங்கும்.

மாடியில் குடியிருந்த ஓரகத்திக்கும் அதே பைத்தியம். ஆனால் அவள் கை தளர்வு. சிரித்துப் பேசிக்கொண்டே பின்னுவாள், பின்னலும் காற்றாட இருக்கும். ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் இருந்தால் என்ன ஆகுமோ, அது ஆனது. ஓரகத்தி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, குழந்தைக்கென்று அவள் பின்னி வைத்திருந்த சட்டை இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டது. தொளதொளவென்று கிடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார். மொத்தத்தையும் பிரித்து, புதிதாக இறுக்கிப் பின்னி மடித்து வைத்தார். குழந்தையோடு வந்தவள் அதை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒன்றுமே சொல்லவில்லை. அப்புறம் பேச்சு வந்தது, சேர்ந்து கடைக்குப் போனார்கள், ஒருவர் பிள்ளையை மற்றவர் வளர்த்தார்கள். ஊசியை மட்டும் ஒருவருடையதை ஒருவர் தொட்டதில்லை.

முப்பது வருஷம் கழித்து இன்ஸ்பெக்டர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மகள் இதைவிடக் குளிரான ஊர் ஒன்றுக்கு வேலைக்குக் கிளம்ப இரண்டு வாரம்தான் இருந்தது. அவளுக்கான ஸ்வெட்டரில் முதுகும் கைகளும் முடிந்து, முன்பக்கம் பாதியில் ஊசியோடு நின்றது. மகள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போய்ச் சித்தி மடியில் போட்டுவிட்டாள்.

இன்ஸ்பெக்டருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் எல்லாவற்றையும் பிரித்துத் தன் இஷ்டத்துக்குப் பின்னினால்? தப்பென்று சொல்ல இவருக்கு வாய் ஏது? ஏறிப்போய்ப் பார்க்க வீம்பு விடவில்லை. கணவரை உளவு பார்க்க அனுப்பினார். அந்த மனிதர் மாடியில் காபி குடித்துவிட்டு வந்து, நன்றாக இருக்கிறது என்றார். எது என்று கேட்டால், காபி என்றார்.

மகள் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஓரகத்தியே இறங்கி வந்து முன்பக்கத்தை மேஜையில் விரித்தாள். அவள் சுட்டுவிரலில் நூல் அறுத்த கோடு சிவந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் மாவுக்கட்டுக் கையால் ஓரத்தை அழுத்திக்கொண்டு, இடது விரலால் கீழிருந்து மேலாகத் தடவினார். தன் பின்னல் எங்கே முடிந்து அவள் பின்னல் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. எல்லாம் ஒரே இறுக்கம். விடுவாரா? ஓரத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

“முதல் கண்ணி திருகியிருக்கே. ஒவ்வொரு வரிசையிலயும்.”

ஓரகத்தி, இன்ஸ்பெக்டர் தன் கையால் முடித்து வைத்திருந்த முதுகுப்பக்கத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணி திருகியிருந்தது.

“அது உங்க பழக்கம்க்கா. என் தளர்ந்த கைக்குச் சின்ன ஊசி வாங்கி, இழுத்து இழுத்து, அதையும் சேர்த்துத்தான் பின்னினேன்.”

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்து, கண் கலங்கி, சிரிப்பும் வந்துவிட்டது. ஊரார் ஸ்வெட்டரையெல்லாம் கழற்றிப் பார்த்தவர்!

“அன்னைக்கு அந்தச் சட்டையை நான் பிரிச்சிருக்கக் கூடாது” என்றார். பிறகு மெதுவாக, “இது உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

“அந்தச் சட்டையிலதான் முதல்ல பார்த்தேன்.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

ஓரகத்தி தையல் ஊசியில் நூல் கோத்தாள்.

“சொல்லியிருந்தா, வீட்டுல இருக்கிற அத்தனையையும் பிரிச்சிருப்பீங்க. அந்தப் பக்கம் பிடிங்க, சேர்த்துத் தைச்சிடலாம்.”