வாசலுக்கு ஏற்ற நிறம்

எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் நிர்வாக அதிகாரி. கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் நல்ல சிவப்பு. அப்படி ஒரு முகம் வாசலில் இருந்தால் கம்பெனிக்கு எடுப்பாக இருக்கும் என்று அவரைக் காவலுக்கு நிறுத்தினேன். அங்கே கூரை கிடையாது. கடற்காற்று வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். பக்கத்து வார்ப்படப் பட்டறையின் கரிப்புகை வேறு. ஈரத்துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டே இருப்பார், துண்டு கறுத்துவிடும்.

முதல் கோடையிலேயே கன்னத்தில் தோல் உரிந்தது.

"மூஞ்சி எரியுது சார். மறுபடி உள்ளயே போட்டுடு சார்."

"உன் கலருக்கு வாசல் கேட்டுதான்யா அழகு."

"அழகு உனுக்கு கீது சார். எரிச்சலு எனக்குல்ல கீது?"

நான் சிரித்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது கோடையில் அவர் முகமெல்லாம் கருந்திட்டுகள். வாசலில் பார்க்க நன்றாக இல்லை என்று நானே அவரைக் கிடங்குக்கு மாற்றினேன்.

"ஒருவழியா கறுத்துட்டேன், நெழலு கெடச்சிச்சு. ரொம்ப தேங்ஸ் சார்" என்று கும்பிட்டார்.

அந்த முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் அன்றே மறந்திருப்பேன்.