காப்பி மிஷினும் எங்கள் கருவேலங்காடும்

மரம் அறுக்கும் மிஷினில் அசல் வாங்குவதா, காப்பி வாங்குவதா என்று எங்கள் பக்கத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இப்போது எனக்குத்தான் போன் வருகிறது. பால் சொசைட்டி வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள். பெரம்பலூர் பஸ்ஸில் முன் சீட்டு அக்கா திரும்பி உட்கார்ந்து கேட்கிறார். நான் படித்தது கம்ப்யூட்டர். பார்க்கிற வேலையும் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில்தான். இருந்தாலும் கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. பஸ் நின்றாலும் நான் நிற்க மாட்டேன்.

இதெல்லாம் அம்மாவின் மக்காச்சோள ஆசையால் வந்தது. அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பங்கில் வாலிகண்டபுரம் பக்கம் கொஞ்சம் கரிசல் காடு உண்டு. அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். நான் பள்ளிக்கூடம், காலேஜ் என்று முடிக்கும்வரை அந்தக் காடு சும்மாவே கிடந்தது. எங்கள் மண்ணில் நிலம் சும்மா கிடந்தால் சீமைக்கருவேலம் வந்து குடியேறிவிடும். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது ஆடு நுழையக்கூட வழியில்லாமல் முள்ளாக நின்றது.

"இந்தப் புரட்டாசி மழைக்கு நான் சோளம் போடப் போறேன்" என்று அம்மா போனில் மாமாவிடம் சொன்னாள். மாமா அம்மாவின் தம்பி. கல்யாணமாகி ஜெயங்கொண்டம் பக்கம் போய், முந்திரித் தோப்பு வைத்துக்கொண்டு அரியலூர்க்காரராகவே மாறிவிட்டவர்.

"போடுக்கா, நான் வேணாம்னா சொல்றேன்? ஆனா மழைக்குள்ள காடு திருந்தலன்னா கரி மூட்டம் போடுறவருக்கு அஞ்சு வருசத்துக்குக் குத்தகைக்கு விட்டுரணும். நான் பேசியே வெச்சிட்டேன். சரியா?"

அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

பொக்லைன் வைத்திருப்பவரும் தன் பங்குக்கு நாள் குறித்துவிட்டார். மரத்தையெல்லாம் வெட்டி ஓரம் கட்டி வைத்தால் விஜயதசமிக்கு மறுநாள் காலையில் வந்து வேரைப் பிடுங்கித் தருவார். வெட்டாமல் இருந்தால் வண்டி அன்றைக்கே வேறு வேலைக்குப் போய்விடும், மழைக்கு முன்னால் திரும்பாது. வெட்டு ஆட்களோ ரஞ்சன்குடிப் பக்கம் வேறொரு காட்டில் இறங்கியிருந்தார்கள். ஆக, எங்கள் வீட்டில் மிச்சமிருந்த படை நானும் அம்மாவும்தான்.

நான் இரண்டு மூன்று நாள் சாப்பிடும்போதும் மரம் அறுக்கும் வீடியோவாகவே பார்த்தேன். அசல் கம்பெனி மிஷினின் விலை எங்களுக்கு எட்டாது. அதே நிறம், அதே வடிவம், அதில் கால்வாசி விலையில் காப்பி மிஷின்கள் வருகின்றன. மாமாவிடம் சொன்னபோது, "சைனாவா? அதுல வாழத்தண்டு அறுக்கலாம்டி. வேணும்னா கேக் வெட்டலாம்" என்றார். அவரிடம் இருப்பது அசல். முந்திரிக்குக் கவாத்து செய்ய வாங்கியது. அதைத் துணியில் சுற்றி பீரோவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். யாருக்கும் தர மாட்டார்.

லப்பைக்குடிக்காட்டில் ஸ்பிரேயர், களை எடுக்கும் மிஷின் எல்லாம் விற்கும் ஒரு கடைக்கு நானும் அம்மாவும் போனோம். கடைக்காரர் துபாயிலிருந்து திரும்பியவர். நான் மிஷினைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

"பாய், இது ஒரிஜினலா?"

"அசல் மாதிரி இருக்கும்மா. அசல் இல்ல. காப்பின்னு வாயத் தொறந்து சொல்லித்தான் விக்கிறேன். அப்பத்தானே அது ஹலாலான வியாபாரம்?"

"எத்தனை வருசம் வரும்?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். தினமும் நட்டு போல்ட்ட முறுக்கிட்டு வேலைக்குப் போங்க. நீங்க முறுக்கலன்னா அதுவே கழண்டு காட்டுல விழுந்துரும்."

அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள். "கருவேலம் அறுக்குமா பாய்?"

"அறுக்கும்க்கா. ஆனா இதோட வர்ற செயின் வேணாம். நல்ல கம்பெனி செயினாத் தனியா ஒண்ணு போட்டுக்குங்க."

"ஒரு மிஷின் வாங்க வந்தா ஒண்ணேகால் மிஷின் விக்கிறீங்க."

பாய் சிரித்தே விட்டார். "மாஷா அல்லாஹ்! ஏம்மா, அம்மாவ எங்க கடையில கொண்டாந்து உக்கார வைங்க, வியாபாரம் பிச்சிக்கும்." ஆனாலும் அந்தச் செயினைக் குறைத்துத்தான் கொடுத்தார். கை முன்னால் இருக்கும் தடுப்பைத் தள்ளினால் செயின் அப்படியே நிற்கிறதா என்று கடை வாசலிலேயே ஓட்டிக் காட்டச் சொன்னேன். நின்றது. காப்பி வாங்குகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும். அந்தத் தடுப்பு வேலை செய்யாவிட்டால் அடுத்து நிற்பது நம் கைதான்.

முதல் நாள் அந்த மிஷின் கயிற்றை நான் இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் இருமிக்கொண்டு கிளம்பியது. கிளம்பிய பிறகு அது அறுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். இரும்பு மாதிரி நிற்கும் கருவேலத்தில் நல்ல செயின் இறங்கும்போது செங்காவி நிறத்தில் தூள் பறந்து பேன்ட்டெல்லாம் ஒட்டும். நான் அறுக்க, அம்மா நீளமான கவைக்கம்பால் முள் கிளையைத் தள்ளி இழுத்து ஓரத்தில் போடுவாள். தரையோடு ஒட்டி அறுக்கப் போனால் மண்ணில் பட்டுச் செயின் மழுங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து, முழங்கால் உயரத்துக்கு விட்டே அறுத்தேன். அடிக்கட்டையைப் பொக்லைன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் பாய் சொன்னது சொன்னபடி நடந்தது. ஒரு நாள் சைலன்சர் ஆடியது. ஒரு நாள் செயினை இறுக்கும் திருகு தேய்ந்து சுற்றியது. ஒரு நாள் கயிறு உள்ளேயே சுருண்டுகொண்டு வெளியே வர மறுத்தது. செயினுக்குப் போகும் ஆயில் பாதி என் ஷூவுக்குப் போனது. ஆபீஸ் மீட்டிங்கில் நான் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும்போது மேஜைக்குக் கீழே மடியில் கார்புரேட்டர் இருக்கும். எந்த ஸ்குரூ எந்த ஓட்டைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். காடும் ஒரு பக்கத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. மிச்சம் இருந்தது கிழக்கு மூலையில், ஓடையோரமாக நின்ற தடித்த மரங்கள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதியம் மாமா வந்து இறங்கினார். துணிச் சுற்றலில் அவருடைய அசலும் வந்திருந்தது.

"அக்கா பாவம்னு எடுத்தாந்தேன். நீ தொடாத. தள்ளி நின்னு பாரு."

உண்மையைச் சொல்ல வேண்டும். அசல் அசல்தான். கயிற்றை ஒரு தடவை இழுத்தார், கிளம்பிவிட்டது. கையில் அதிர்வே இல்லை. நான் மூச்சுவாங்கி அறுத்த தடிமனில் அவர் கதை பேசிக்கொண்டே அறுத்தார்.

"எப்படி? வெண்ணெயில கத்தி விட்ட மாதிரி இல்ல? உன்னுது என்னடி, மாவு மிஷின் மாதிரிக் கத்துது!"

"கத்துனாலும் பாதிக் காட்ட அதுதான் மாமா வெட்டியிருக்கு. உங்களுது இன்னிக்குத்தான் பீரோவ விட்டே வெளிய வந்திருக்கு."

"பாருக்கா, உம் பொண்ணு வாய!"

"வாய அறுக்க மிஷின் வாங்கலடா. மரத்தப் பாரு" என்றாள் அம்மா.

பொழுது சாயும்போது ஓடையோரத்தில் இன்னும் கொஞ்சம் நின்றது. ஆயுத பூஜை அன்று வேலை இல்லை. விஜயதசமியன்று இரண்டு மிஷினும் இறங்கினால் மதியத்துக்குள் முடிந்துவிடும். நிம்மதியாகத் தூங்கினோம்.

ஆயுத பூஜை காலையில் நான் எழுந்து வந்தபோது போர் செட்டுப் பக்கம் தண்ணீர் சத்தம். அம்மா பைக்கைக் கழுவி நிறுத்தியிருந்தாள். மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை எல்லாம் பளபளவென்று வரிசையாகக் கிடந்தன. கடைசியில் இரண்டு மரம் அறுக்கும் மிஷினும். சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, மோட்டார் ஹோஸை நேராகப் பிடித்துக் கழுவியிருந்தாள். சந்துபொந்தெல்லாம் சந்தனம். அதன்மேல் குங்குமம். இரண்டும் மாப்பிள்ளைகள் மாதிரி மாலை போட்டு உட்கார்ந்திருந்தன.

மாமா பல் தேய்த்துக்கொண்டே வந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார். "அய்யய்யோ! அக்கா! தண்ணியிலயா கழுவுன?"

"பின்ன பால்லயா கழுவுவாங்க? பைக்கக் கழுவல? போன வருசம் உன் டிராக்டரக் கழுவல?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? காத்து இழுக்குற வழியில தண்ணி போயிருக்கும்க்கா!"

"எண்ணெய்ப் பிசுக்கோட சாமி முன்னாடி வைக்கச் சொல்றியா? அப்புறம் ஓடுமா அது?"

உடனே கழற்றிக் காய வைத்திருக்கலாம். ஆனால் கழற்றத் தேவையான ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் மாலைக்குக் கீழே பூஜையில் இருந்தன. எங்கள் வீட்டில் பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை செய்து எடுக்கிறவரை யாரும் தொடக் கூடாது. பக்கத்து வீட்டில் ஸ்பேனர் கேட்கலாம் என்று எட்டிப் பார்த்தேன். அவர்கள் வீட்டு ஸ்பேனருக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். ஊர் முழுக்க ஒரு ஸ்குரூ டிரைவர்கூட அன்று வேலைக்கு வராது. மாமாவும் நானும் பொரியைக் கொறித்துக்கொண்டு அவற்றையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

விஜயதசமியன்று தீபாராதனை காட்டி முடித்ததும் கயிற்றை இழுத்தோம். என்னுடையது கிளம்பவில்லை. அது வழக்கம்தான் என்று மாமா சிரித்தார். அவருடையதை இழுத்தார். அதுவும் கிளம்பவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடி. நெற்றியில் வியர்வை வந்ததே ஒழியப் புகை வரவில்லை.

அம்மா இப்போது பயந்துவிட்டாள். "பொக்லைனு நாளைக்கு வந்துருமேடா. மரம் நின்னா அவன் திரும்பிப் போயிருவானே." அந்தக் கரி மூட்டக்காரர் பேச்சை யாரும் எடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

மாமா அரியலூரில் தான் வழக்கமாகக் கொடுக்கும் சர்வீஸ் கடைக்குப் போன் போட்டார். விஜயதசமி, கடை திறக்கவில்லை. வேறு யாரும் தன் மிஷினைத் திறக்க அவர் விட்டதில்லை. தானும் திறந்ததில்லை. பழுதே ஆகாத மிஷினை எதற்குத் திறப்பார்?

நான் என் காப்பியைத் திண்டில் வைத்து உட்கார்ந்தேன். எத்தனை தடவை திறந்த உடம்பு அது! மூடியைக் கழற்றியதும் சந்தனக் குழம்பு வழிந்தது. காற்று வடிகட்டி குங்குமத் தண்ணீரில் ஊறிச் சிவந்திருந்தது. அதை அலசி வெயிலில் போட்டேன். பெட்ரோலைக் கொட்டினேன். பிளக்கைக் கழற்றி, மிஷினைக் கவிழ்த்துப் பிடித்துக் கயிற்றை இழுக்க, பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி மாமா சட்டையில் அடித்தது. கார்புரேட்டரைத் துடைத்து ஊதி, பிளக்கைக் காயவைத்து மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றினேன். இழுத்தேன். இழுத்தேன். சோப்பு வாசனையோடு வெள்ளைப் புகை விட்டுக் கிளம்பியது.

அம்மா என்னையும் பார்த்தாள், மாமாவையும் பார்த்தாள். "அவன் மிஷினையும் பாருடி."

"வேணாம்க்கா, அது கம்பெனி செட்டிங்கு. கம்பெனி ஆளுதான்..."

"சாமி கும்பிட்டப்ப ரெண்டையும் ஒண்ணாத்தானே கழுவுனேன்? ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான். குடுடா."

மாமா கொடுத்தார். மடியில் வைத்திருந்த பிள்ளையை டாக்டரிடம் நீட்டுகிற மாதிரி கொடுத்தார். உள்ளே பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். எல்லாம் அதே இடத்தில், அதே வரிசையில் இருந்தது. பாகங்கள்தான் கனமாக, நேர்த்தியாக இருந்தன. காப்பியில் பழகிய கை அசலில் தடுமாறவே இல்லை.

"ஸ்குரூ மிச்சம் வந்துச்சுன்னா தொலைச்சிருவேன்."

"என்னுதுல வந்தா பாய் வேற தருவாரு மாமா. உங்களுதுல வந்தா கம்பெனி ஆளக் கூப்பிடுவோம்."

ஒன்றும் மிச்சம் வரவில்லை. அது இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பியது. மாமா ஹெல்மெட்டை மாட்டினார். சாயங்காலம் வரை இரண்டு மிஷினும் ஓடையோரத்தில் கத்தின. அம்மா கவைக்கம்போடு எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தாள். மாமா நான் சொல்லாமலேயே என் செயினை ஒரு தடவை இறுக்கிக் கொடுத்தார். கடைசி மரம் அவர் பக்கம் சாய்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது.

மறுநாள் பொக்லைன் வந்தது, வேரெல்லாம் வெளியே வந்தது, உழவு ஓட்டி முடித்து விதைத்த பிறகுதான் மழை பிடித்தது.

ஆகவே, கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தினமும் மரம் அறுத்துப் பிழைக்கிறவர் யோசிக்காமல் அசல் வாங்கட்டும். கையும் தோளும் மிஞ்சும். எங்களை மாதிரி ஒரே ஒரு காட்டைத் திருத்த வேண்டும், கழற்றி மாட்டச் சலிப்பில்லை என்றால் காப்பி போதும், செயினை மட்டும் நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள். மாமாவைக் கேட்டால் இப்போதும் அசல் என்றுதான் சொல்வார். ஆனால் இந்தத் தடவை அதைச் சர்வீஸுக்கு அரியலூருக்குக் கொண்டுபோகவில்லை, பஸ் ஏற்றி எனக்குத்தான் அனுப்பினார்.

நேற்று காலை அம்மா டிபனுக்கு வரவில்லை. தூக்கில் இட்லி எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். கணுக்கால் உயரத்துக்குச் சோளம் வரிசையாக எழும்பியிருந்தது. அம்மா நடுக்காட்டில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதும் நிமிரவில்லை, கையை மட்டும் நீட்டித் தடுத்தாள்.

"அங்கயே வரப்புல நில்லு, நான் வரேன். பயிர மிதிச்சிராத."