பத்மநாதன் மாமாவுக்குத் தனிக் கோப்பை

லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் இருந்த பத்மநாதன் மாமா புட்டைக்கூட முள்ளுக்கரண்டியால்தான் சாப்பிடுவார். பார்க்கவே எரிச்சலாயிருக்கும். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். இங்கே பெற்றோல் செட்டில் காசாளர். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் திடீரென்று, கானாவில் கணக்குப் படிப்பிக்கத் தொண்டராகக் கிளம்பினார். முதலில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கிப் பயிற்சி. வீட்டாரோடு ஒத்துப்போகாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

முதல் சாப்பாடே எல்லாருக்கும் ஒரே சட்டியில். குழம்புக்குள் பெரிய மாவுருண்டை; கிள்ளித் தோய்த்து விழுங்க வேண்டும். கூடப் பயிற்சிக்கு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள்கூடச் சரியாகக் கிள்ளினார்கள். முள்ளுக்கரண்டி கிடைக்காத நம்ம ஆள் அவ்வளவையும் கையால் சோறுகறி மாதிரிக் குழைத்துவிட்டார். அடுத்த நாள் அவருக்குத் தனிக் கோப்பையில் சாப்பாடு.

உடனே லண்டனில் இருந்த மனைவி கலாவதி மாமிக்குப் போன் எடுத்தார். "என்னை அனுப்பப்போறாங்கள். நானே வந்திடட்டோ?"

"இஞ்ச வந்தாலும் தனிக் கோப்பைதான்," என்றார் மாமி. "வாத்தி வேலை வேணுமெண்டால் அங்கயே இருந்து கிள்ளப் பழகுங்கோ."

வெட்கங்கெட்ட மனுசன், அந்த வீட்டுச் சின்னப் பெட்டையிடம் பாடம் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போன். சட்டியில் சேர்த்துவிட்டார்களாம், பள்ளிக்கூடமும் உறுதியாம்.

மாமி "ம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். பிறகு மிச்சம் பகுதியிலுள்ள எல்லாத் தமிழ் வீட்டுக்கும் போன் எடுத்து அதைச் சொன்னார்.