தலை மறையாத கிணறு

கல்பாத்திக்குக் கிழக்கே, வடகரப்பதிப் பக்கம், கிணறு வெட்டும் சென்னிமலை தோண்டிய கிணறுகள் வற்றியதுண்டு, கெட்டதில்லை. எண்பதடிப் பாறையை வெடி வைத்துப் பிளந்து இறங்குவான். தண்ணீர் வராவிட்டால் அவனிடம் ஒரே வைத்தியம்தான்: இன்னும் கொஞ்சம் தோண்டுவது.

எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் சுப்பராமன் அவனைப் பொன்னானிக்குக் கூட்டிப்போனார். கல்பாத்திக்காரர், உத்தியோகம் முடிந்து அங்கே கடற்கரையோரம் வீடு கட்டியிருந்தார். கிணறென்றால் கிழக்கத்தியான்தான் வெட்டவேண்டும் என்பது அவர் கட்சி.

சென்னிமலையின் ஊரில் கோரையாறு கல்லும் முள்ளுமாக, ஒரே தாவில் தாண்டக்கூடியது. பஸ் போகும் வழியில், கல்பாத்தியில் அதற்குப் படித்துறை வந்தது. பட்டாம்பியில் கல்லெல்லாம் மணலாகியிருந்தது. குற்றிப்புறம் பாலத்தில் பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. மறுகரை வருவதாக இல்லை.

"ஏனுங்க சாமி, இது எந்த ஆறுங்க?"

"உன் கோரையாறும் இதுலேதான் இருக்கு. நான் கல்பாத்தியிலே குளிச்ச வெள்ளமும் இதுலேதான்." அவர் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர்.

சென்னிமலை தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

பொன்னானியில் வெடிக்கு வேலையில்லை. வெறும் மணல். குழியில் நின்றால் தலை மறையவில்லை, அதற்குள் முழங்காலுக்குத் தண்ணீர், இளநீர் மாதிரி. சுப்பராமனின் மனைவி பர்வதம் குடத்தோடு வந்துவிட்டாள்.

"தலை மறையாததெல்லாம் ஒரு கிணறுங்களா? ஊர்ல சிரிப்பாங்க!" என்று சென்னிமலை, மணல் சரியாமல் உறை இறக்கி, இருபதடி போய்விட்டான்.

மறுநாள் காலை அடுக்களையிலிருந்து பர்வதத்தின் குரல்: "ஏன்னா, காப்பி கரிக்கறது! சமுத்திரத்தையே கொண்டுவந்துட்டானே இவன்!"

சுப்பராமன் நிதானமாக விளக்கினார்: "நல்ல வெள்ளம் லேசு. உப்பு வெள்ளத்து மேலே மெத்தை மாதிரி கிடக்கும். ஆழமாத் தோண்டினா அடியிலே இருக்கறது மேலே வந்துடும்."

"இதை முந்தியே சொல்லக்கூடாதுங்களா?"

"வெட்டறவன் நீ. நான் என்னத்தைச் சொல்றது?"

கெட்ட கிணற்றை விட்டுவிட்டு எந்த முகத்தோடு ஊர் திரும்புவது? வெட்டிய கையாலேயே கூடை கூடையாக மணலைக் கொட்டிப் பழைய மட்டத்துக்குத் தூர்த்தான். பிறகு காத்திருந்தான். ஆற்றுத் தண்ணீர் மணலில் ஊறி வந்து கடலைக் கீழே அழுத்தவேண்டும்; அதில் அவன் கடப்பாரைக்கு வேலையில்லை. விடிந்தால் ஒரு கை அள்ளுவான், வாயில் விடுவான், துப்புவான்.

ஒருநாள் துப்பவில்லை.

"அம்மா, காப்பி போட்டுப் பாருங்க!"

பர்வதம் போட்டுக் குடித்தாள். "சக்கரை போட மறந்துட்டேன். ஆனா உப்பில்லே."

அவன் கிணற்றிலேயே நின்றான். ஊர்க் கிணறுகளுக்குள் வானம் ஒரு தட்டளவுதான். இங்கே தென்னைகளுக்கு அப்பால் ஆறு கடலில் சேருமிடம் முழுதாகத் தெரிந்தது. முழங்காலில் அவனுடைய கோரையாறு. பாதத்துக்குக் கீழே, எங்கோ, கடல். கால்விரலைக்கூட அசைக்காமல் நின்றான்.